காற்றுக்கு எதிரே வந்த கப்பல்

1838ஆம் ஆண்டு மே மாதத்தில், மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் திரெங்கானுவுக்கு அப்பால், ஆறு பெரிய கொள்ளைப் படகுகள் சோங்கு எனப்படும் ஒரு சீனப் பாய்மரக் கப்பலை வளைத்துத் தாக்கிக்கொண்டிருந்தன. படகுகளில் இருந்தவர்கள் மிண்டனாவோ தீவிலிருந்து வந்த இரானுன் மக்கள். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே தொலைவில் கரும்புகை எழுந்தது. பாய்மரக் கப்பல் ஏதோ தீப்பற்றி எரிகிறது, அதைக் கைப்பற்றுவது எளிது என்று கருதிய அவர்கள், சோங்கை விட்டுவிட்டுப் புகை வந்த திசையை நோக்கித் துடுப்பு வலித்து, சுட்டுக்கொண்டே நெருங்கினார்கள். எரிகிற கப்பலாக அவர்கள் நினைத்தது காற்றுக்கு நேர் எதிராக வேகமாக வந்தது. ஒவ்வொரு படகின் முன்னும் நின்று பீரங்கியால் சுட்டது. பிறகு திரும்பி அடுத்த படகை நோக்கிப் போனது. அதற்கு முன் காற்றை மீறி ஓடும் கப்பலைக் கண்டிராத அந்த மாலுமிகளுக்கு விலகி ஓடவும் வழி தெரியவில்லை.

அந்தக் கப்பலின் பெயர் டயானா. கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தமான நீராவிக் கப்பல். அதன் தலைவர் சாமுவேல் காங்கல்டன், ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் பிறந்தவர். அதற்கு முன்பே கம்பெனியின் பாய்மரக் கப்பலில் மலாக்கா நீரிணையைச் சுற்றிப் பழகியவர். ஊல்ஃப் என்ற பாய்மரப் போர்க்கப்பலும் அந்தப் பயணத்தில் உடன் இருந்தது. ஆயினும் அன்று நடந்ததைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதியவர்கள் ஊல்ஃபை ஒரு வரியில் கடந்துவிட்டு டயானாவைப் பற்றியே பேசுகிறார்கள்; அதற்குக் காரணம் அந்தப் புகைதான்.

இராமநாதபுரம் கரையில் இருந்துகொண்டு சிங்கப்பூரின் ரோந்துக் கப்பலைப் பற்றி எழுத வேண்டிய தேவை என்ன என்று சிலர் நினைக்கலாம். டயானா சுற்றிவந்த அந்தக் கடல் நம்முடைய கடலாகவும் இருந்தது என்பதே என் பதில். கீழக்கரையிலும் தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் இருந்த மரக்காயர் குடும்பங்களின் கப்பல்கள், ஐரோப்பியர் மலாக்கா நீரிணையில் ஆதிக்கம் பெறுவதற்கு முன்பிருந்தே கெடாவுக்கும் அச்சேவுக்கும் மலாக்காவுக்கும் துணி ஏற்றிச் சென்று, பாக்கும் மிளகும் தகரமும் ஏற்றித் திரும்பின. 1786இல் பினாங்கு ஆங்கிலேயர் கைக்குப் போனபோது அங்கே முதலில் குடியேறியவர்களில் தமிழ் முஸ்லிம்கள் இருந்தார்கள். அங்குள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் அவர்களுக்காகவே எழுந்தது. சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் தொடங்கியது. நாகூர் ஆண்டவரின் நினைவுத் தர்காக்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நிற்கின்றன. பாய்மரக் கப்பலில் கடலைக் கடந்தவன் நேர்ந்துகொண்ட நேர்ச்சை அந்தச் சுவர்களில் இருக்கிறது. எனவே அந்த நீரிணையில் யார் கொள்ளையடித்தார்கள், யார் அவர்களை விரட்டினார்கள், விரட்டியவர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதெல்லாம் இந்தக் கரையின் வரலாற்றைச் சேர்ந்த கேள்விகள்.

டயானா என்ற பெயரில் இரண்டு கப்பல்கள் இருந்தன. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதல் டயானா கல்கத்தாவை அடுத்த கித்தர்ப்பூரில் கட்டப்பட்டு 1823 ஜூலை 12 அன்று நீரில் இறங்கியது. மறு ஆண்டு தொடங்கிய முதல் ஆங்கிலேய – பர்மியப் போரில் அது ஐராவதி ஆற்றில் ஏறியது. ஆற்றின் ஓட்டத்துக்கு எதிராகப் பாய்மரக் கப்பல்களை இழுத்துச் செல்லவும், பர்மியரின் நீண்ட போர்ப் படகுகளைத் துரத்தவும் அதைப் பயன்படுத்தினார்கள். துடுப்பு வலிப்பவர்கள் எத்தனை திறமைசாலிகளாக இருந்தாலும் ஒரு கட்டத்தில் களைத்துப்போவார்கள். விறகு இருக்கும்வரை கப்பல் களைக்காது. அந்த ஓட்டத்தில் தோற்ற படகுகளையே அது பிடித்தது. போர் முடிந்தபின், 1826இல், ஜான் கிராஃபர்டு தூதராகப் பர்மிய மன்னரின் ஆவா அரசவைக்குச் சென்றதும் அதே கப்பலில்தான். நீரிணைக்கு வந்தது இரண்டாவது டயானா. 1837இல் அது வந்து சேர்ந்தது.

வந்ததற்கு முந்தைய ஆண்டு நடந்ததையும் சொல்ல வேண்டும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1826இல் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற ஒரே நிர்வாகமாகிவிட்டன. ஆனால் அந்த நிர்வாகத்திடம் கடலைக் காக்கும் வலிமை இல்லை. சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு அருகிலேயே சிறு வணிகப் படகுகள் கொள்ளை போயின. கடற்கொள்ளையை ஒழிக்கும் செலவுக்காகத் துறைமுகங்களில் வரி விதிக்கலாம் என்ற யோசனை கல்கத்தாவிலிருந்து வந்தது, வரியில்லாத் துறைமுகம் என்பதாலேயே சிங்கப்பூருக்கு வந்த வணிகர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள், யோசனை கைவிடப்பட்டது. 1836இல் ஆண்ட்ரோமக்கி என்ற அரசக் கடற்படைக் கப்பல் வந்து, ரியாவ் தீவுக்கூட்டத்தில் காலாங் முதலிய இடங்களில் இருந்த குடியிருப்புகளைத் தாக்கிக் கொளுத்தியது. ஆனால் பெரிய பாய்மரப் போர்க்கப்பல் எத்தனை பீரங்கி சுமந்தாலும் காற்று நின்றால் அதுவும் நின்றுவிடும். ஆழமில்லாத ஓடைக்குள் அது நுழையாது. கொள்ளைப் படகோ துடுப்பாலும் ஓடும், பாயாலும் ஓடும். சதுப்புக்காட்டு ஓடைக்குள் புகுந்து மறையும். அந்த இரண்டு வசதிகளையும் கொள்ளையரிடமிருந்து பறிக்கக்கூடிய கப்பல் தேவைப்பட்டது. பிடித்தவர்களை என்ன செய்வது என்பதும் சிக்கலாக இருந்தது. கடலில் நடந்த குற்றங்களை விசாரிக்கும் அதிகாரம் நீரிணையின் நீதிமன்றத்துக்கு 1837 வாக்கில்தான் கிடைத்தது. அதுவரை கைதிகளையும் சாட்சிகளையும் கல்கத்தாவுக்கு அனுப்ப வேண்டும். சாட்சி சொல்ல வேண்டிய மாலுமி தன் பருவத்தையே இழந்து அவ்வளவு தூரம் போவானா?

பருவம் என்று சொன்னதை விளக்க வேண்டும். இந்தக் கரையில் பிறந்தவர்களுக்குக் கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றுகளை எண்ணிச் சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் விசைப்படகு வந்தபின் பிறந்த என் தலைமுறைக்கு அந்தப் பெயர்கள் தெரியுமே தவிர, அவற்றின் கட்டாயம் உடலில் இறங்கவில்லை. தொண்டிப் பக்கம் இன்றும் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியைப் பார்க்கப் போயிருந்தபோது, பாய்த் தோணியில் இளமையைக் கழித்த ஒரு பெரியவர் அருகில் உட்கார்ந்திருந்தார். “மாமா, எதிர்க்காற்றில் ஒரு தோணி எவ்வளவு ஏறும்?” என்று அவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் முதலில் கடலைப் பார்த்தார். “நேர் காத்துல ஏறவே ஏறாது, தம்பி. பாயை இங்கிட்டு மாத்தி அங்கிட்டு மாத்தி, கோணக் கோணயாத்தான் ஏறணும். ஒரு தடவை மாத்தும்போது பாயோட தாமான் கயித்தைக் கையில பிடிச்சவன் அசந்தான்னா போன தூரமெல்லாம் திரும்பி வந்துரும். காத்து வலுத்துருச்சுன்னா பாய் கட்டின பருமலை இறக்கிட்டு நங்கூரம் போட்டுக் கிடக்கிறதுதான். நாளு கணக்கா கிடந்திருக்கோம்” என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே கரைக்குத் திரும்பிய படகு ஒன்று பாய் மாற்றியது. பருமலின் கீழ்முனையை ஒருவர் பாய்மரத்தைச் சுற்றித் தூக்கிக் கொண்டுவர, இன்னொருவர் படகின் ஓரத்துக்கு வெளியே உடலைச் சாய்த்துப் பாரம் கொடுக்க, பாய் ஒரு கணம் வெறும் துணியாகப் படபடத்து, பிறகு மறுபக்கம் புடைத்தது. அந்த ஒரு கணத்தில் படகு நின்றுவிட்டிருந்தது.

கீழக்கரையிலிருந்து பினாங்குக்குப் போன கப்பல்களின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கட்டாயத்துக்குள் நடந்தது. தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். வடகிழக்குக் காற்று திரும்பக் கொண்டுவரும். இடைப்பட்ட மாதங்களைச் சபுராளிகள் எனப்பட்ட கடல்கடந்த வணிகர்கள் அக்கரையில் கழிப்பார்கள். அங்கேயே இன்னொரு குடும்பம் அமைந்ததும், சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் சமூகம் மலாய்த் துறைமுகங்களில் வேரூன்றியதும், பேச்சில் இரு மொழிகளும் கலந்ததும் இந்தக் காத்திருப்பால் விளைந்தவை. காற்றின் கணக்கு வணிகருக்கு மட்டும் உரியதன்று. பிலிப்பைன் தீவுகளுக்கும் போர்னியோவுக்கும் இடைப்பட்ட சூலுக் கடலிலிருந்து வந்த கொள்ளைப் படகுகளும் ஆண்டுதோறும் பருவத்தோடு வந்து பருவத்தோடு திரும்பின. எந்த மாதத்தில் எந்த முனையைச் சுற்றி வணிகப் படகு வரும் என்று அவர்களுக்கும் தெரியும். வேட்டையாடியவனும் வேட்டைக்கு ஆளானவனும் ஒரே பஞ்சாங்கத்தை வைத்திருந்தார்கள். டயானா வந்து உடைத்தது அந்தப் பஞ்சாங்கத்தை. எந்த மாதத்திலும், எந்தத் திசையிலும், காற்றே இல்லாத நண்பகலிலும் அது வரும் என்றபோது, கொள்ளையர் பாதுகாப்பாகக் கருதிய நாளோ இடமோ எதுவும் மிஞ்சவில்லை.

காற்றிலிருந்து விடுபட்டாலும் அக்காலத்து நீராவிக் கப்பல் வேறு பல தளைகளில் கட்டுண்டிருந்தது. துடுப்புச் சக்கரங்கள் கப்பலின் இரு பக்கமும் வெளியே தெரிய இருந்தன. குண்டு பட்டால் முதலில் முடங்குவது அவைதான். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு சக்கரம் ஆழத்தில் திணற, மற்றது காற்றில் சுழலும். எரிபொருள் தீர்ந்தால் பாய் விரிக்க வேண்டியதுதான். அதற்காகவே பாய்மரங்களையும் வைத்திருந்தார்கள். கொதிகலனில் கடல்நீரையே காய்ச்சினார்கள் என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். வாலிநோக்கத்து உப்பளப் பாத்தியில் வெயில் செய்வதை அந்த இரும்புப் பெட்டிக்குள் நெருப்பு செய்தது: ஆவி மேலே போக, உப்பு கீழே படிந்தது. படிவு தடித்தால் நெருப்பின் சூடு நீருக்குப் போகாமல் இரும்புத் தகட்டிலேயே நின்று, தகடு சிவந்து வெடிக்கும். எனவே குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை, செறிந்த உப்புநீரில் ஒரு பகுதியைக் கடலில் கொட்டிவிட்டுப் புதிய கடல்நீரை ஏற்ற வேண்டும். அப்படிக் கொட்டும்போது அதைச் சூடாக்கிய நிலக்கரியும் வீணாகும். துறைக்கு வந்ததும் நெருப்பை அணைத்து, ஆறியும் ஆறாததுமான கொதிகலனுக்குள் ஆட்கள் நுழைந்து, உளியும் சுத்தியலும் கொண்டு உப்பைப் பெயர்த்தெடுப்பார்கள். பூமத்தியரேகைக்கு அருகே, இரும்புக்குள் குனிந்து செய்த வேலை. லஸ்கார்கள் என்று அழைக்கப்பட்ட ஆசிய மாலுமிகளே இத்தகைய கப்பல்களின் உழைப்பில் பெரும்பங்கைச் சுமந்தார்கள். ரோந்துப் பயணங்களைப் பற்றிய அறிக்கைகளில் கப்பல் தலைவர்களின் பெயர்கள் மட்டும் நின்றன. நெருப்புக்கு முன் நின்றவர்களின் பெயர்களை எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி.

இரானுன் மக்களும் சூலுத் தீவுகளைச் சேர்ந்த பலாங்கிங்கி மக்களும் ஓட்டிய படகுகள் இத்தனை தூரம் வந்து ஆட்களைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வெறும் கொள்ளை ஆசை என்று கம்பெனியின் அதிகாரிகள் எழுதினார்கள். ஆனால் அதன் பின்னால் ஒரு பொருள் இருந்தது. நம் கரைக்கு நன்கு பழக்கமான பொருள்: கடலட்டை. சீனத்தில் தேயிலை வாங்கப் போன ஐரோப்பிய வணிகர்களுக்கு, சீனர் விரும்பும் சரக்கு தேவைப்பட்டது. கடலட்டையும் பறவைக்கூடும் முத்தும் சூலுத் தீவுகளில் கிடைத்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆங்கிலேயத் தனி வணிகர்கள் சூலுவுக்குத் துப்பாக்கியும் வெடிமருந்தும் துணியும் கொடுத்து அச்சரக்குகளைக் கொண்டுபோனார்கள். தேவை பெருகப் பெருக, மூழ்கி அட்டை எடுக்கவும் அவித்து உலர்த்தவும் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆட்களைப் பிடித்துவரவே படகுகள் தொலைதூரக் கடல்களுக்குப் புறப்பட்டன. கடலட்டையை அவித்து, மணலில் புதைத்து வைத்து, மேல்தோலைத் தேய்த்துக் கழித்து, மீண்டும் உலர்த்தும் வேலை எத்தகையது என்று மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைக் கரையிலும் உள்ளவர்கள் அறிவார்கள். 2001இல் அரசு தடை செய்யும்வரை இங்கே அது ஒரு பெரிய தொழிலாக இருந்தது. அதே வேலையை அடிமையாகப் பிடிபட்ட பிலிப்பைன் தீவு மீனவரும் மலாய் மீனவரும் செய்தார்கள் என்பதை நினைக்கும்போது, அக்கரைக் கதை என்று அதை ஒதுக்க என்னால் முடியவில்லை. அவர்களைப் பிடித்த படகுகளில் இருந்த துப்பாக்கி யாரிடமிருந்து வந்ததோ, அவர்களைச் சார்ந்தவர்களே பிறகு ரோந்துக் கப்பலையும் அனுப்பினார்கள்.

ஆட்பிடிப்பின் கொடுமையை இதனால் குறைத்துச் சொல்லவில்லை. பிடிபட்டவன் படகின் அடியில் கட்டப்பட்டுக் கிடந்து, சூலுச் சந்தையில் விற்கப்பட்டு, பெரும்பாலும் தன் ஊருக்குத் திரும்பாமலே போனான். அவர்களுக்கு டயானாவின் புகை விடுதலையின் அறிகுறியாகவே தெரிந்திருக்கும். சூலுவில் ஆட்பிடிப்பின் முடிவு இன்னும் கடுமையாக வந்தது. 1848 பிப்ரவரியில் மணிலாவின் ஸ்பானிய ஆளுநர் நார்சிசோ கிளாவெரியா, இங்கிலாந்திலிருந்து வாங்கிய மகல்லானெஸ், எல்கானோ, ரெய்னா தே காஸ்தில்யா என்ற மூன்று நீராவிக் கப்பல்களுடன் பலாங்கிங்கித் தீவின் கோட்டைகளை அழித்தார். உயிர் பிழைத்த பலரை வடக்கே லூசான் தீவின் ககயான் பள்ளத்தாக்குக்குக் குடும்பத்தோடு நாடு கடத்தினார்கள். கடலன்றி வேறு தொழில் அறியாதவர்களை நிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

டயானாவுக்குப் பின் வந்தவற்றில் நெமிசிஸ் புகழ்பெற்றது. 1839இல் பர்க்கன்ஹெட்டில் ஜான் லேர்டு கட்டிய இரும்புக் கப்பல். 184 அடி நீளம். 60 குதிரைத்திறன் கொண்ட இரண்டு எந்திரங்கள். தட்டையான அடியோடு, முழுச் சுமையிலும் சுமார் ஆறடி நீரே அதற்குப் போதுமாக இருந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த முதல் இரும்புக் கப்பல் என்ற பெயரோடு, வழியில் உடல் தகடு பிளந்து, ஆப்பிரிக்கக் கரையில் செப்பனிடப்பட்டு, 1840 அக்டோபரில் அது இலங்கையின் காலித் துறைமுகத்தை அடைந்தது. அங்கிருந்து சிங்கப்பூர் வழியாகச் சீனத்தின் அபினிப் போருக்குப் போனது. அதன் வேலை சீனத்தோடு முடியவில்லை. 1849 ஜூலை 31 இரவு, போர்னியோத் தீவின் சரவாக்கில் பெட்டிங் மாரு என்ற மணல்திட்டருகே, அங்கே ராஜாவாக ஆண்ட ஆங்கிலேயர் ஜேம்ஸ் புரூக்கின் படைகளோடு சேர்ந்து, கடல் பயணத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சரிபாஸ், ஸ்கிராங் டயாக்கு மக்களின் படகுக் கூட்டத்தை வழிமறித்தது. இருட்டில் அந்த நீண்ட மரப் படகுகளுக்குள் புகுந்து, துடுப்புச் சக்கரங்களாலேயே அவற்றை நொறுக்கியது. சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கானவர் இறந்தார்கள்.

அந்த இரவுக்குப் பிறகு எழுந்த கேள்வியை இலண்டன் நாடாளுமன்றத்தில் ஜோசப் ஹியூம் போன்றவர்கள் விடாமல் கேட்டார்கள்: இறந்தவர்கள் கடற்கொள்ளையரா, அண்டை நாட்டாரோடு பகை கொண்டிருந்த குடிகளா? கேள்வியைக் கூர்மையாக்கியது பணம். 1825இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, சண்டையில் கொல்லப்பட்ட அல்லது பிடிபட்ட ஒவ்வொரு கொள்ளையருக்கும் 20 பவுன், தப்பிய ஒவ்வொருவருக்கும் 5 பவுன் என்று கப்பலாருக்கு வெகுமதி உண்டு. பெட்டிங் மாருவுக்காக வழங்கப்பட்ட தொகை 20,700 பவுன். கொல்லப்படுபவன் கொள்ளையன் என்று தீர்மானிப்பவருக்கே அந்தத் தீர்மானத்தால் பணம் கிடைக்கும் என்றால், இருட்டில் எதிரே வரும் படகைப் பற்றி அவர் எவ்வளவு நேரம் யோசிப்பார்? 1850இல் அந்த வெகுமதி முறை நீக்கப்பட்டது. 1854இல் சிங்கப்பூரில் ஒரு விசாரணைக் குழுவும் அமர்ந்தது. புரூக் சரவாக்கின் ராஜாவாக நீடித்தார்.

இவை எல்லாவற்றையும்விட என்னை நெருங்கித் தொடுவது கெடா முற்றுகை. நம் முன்னோர் கடாரம் என்று அறிந்த அந்நாட்டில், சுல்தான்களின் வணிக அலுவலை நடத்தும் பொறுப்பில் சூலியா வணிகர்கள் இருந்தார்கள். இக்கரையின் கப்பல்களுக்கு அது பினாங்கைவிடப் பழைய துறைமுகம். 1821இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) கெடாவின்மேல் படையெடுத்தது. சுல்தான் அகமது தாஜுதீன் பினாங்குக்குத் தப்பி வந்தார். அவருடைய முன்னோரிடமிருந்து பினாங்குத் தீவைப் பெற்றிருந்த கம்பெனி, சயாமோடு பகைக்க விரும்பாமல், 1826இல் செய்த உடன்படிக்கையில் அவரைத் திரும்பவிடாமல் தடுப்பதாக ஒப்புக்கொண்டது. 1838 – 39இல் துங்கு முகமது சஆது தலைமையில் மலாய்க்காரர்கள் கெடாவை மீட்கப் போரிட்டபோது, ஹையசிந்து என்ற போர்க்கப்பலும் துப்பாக்கிப் படகுகளும் கெடா ஆற்றின் முகத்தை அடைத்து நின்றன. தம் நாட்டை மீட்கக் கிளம்பியவர்களுக்குக் கடல் வழியாக அரிசியும் வெடிமருந்தும் போகாமல் தடுத்த அந்த வேலையும் கடற்கொள்ளைத் தடுப்பு என்ற கணக்கிலேயே சேர்ந்தது. டயானா திரெங்கானுவில் சோங்கைக் காத்ததும், கெடாவில் இந்த முற்றுகை நின்றதும் ஒரே ஆண்டின் நிகழ்ச்சிகள். முதலாவதை மட்டும் நினைவுகூர்பவர்கள் பாதி வரலாற்றையே சொல்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. சுல்தானை 1842இல்தான் ஊருக்குத் திரும்ப அனுமதித்தார்கள்.

அதற்குப் பின் ரோந்துக் கப்பல் ஆட்சியின் முன்கையாக வளர்ந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1871இல் பினாங்கிலிருந்து புறப்பட்ட ஒரு சீனச் சோங்கு கொள்ளைபோனது. குடியேற்ற அரசின் நீராவிக் கப்பலான புளூட்டோ அதைத் தேடிச் சிலாங்கூர் ஆற்றில் கண்டுபிடித்தது. தொடர்ந்து ஜூலையில் ரினால்டோ என்ற போர்க்கப்பல் கோலா சிலாங்கூர்க் கோட்டைகளைச் சுட்டுத் தகர்த்தது. மூன்று ஆண்டு கழிந்து, 1874 ஜனவரி 20 அன்று, அதே புளூட்டோ பாங்கோர்த் தீவருகே நங்கூரமிட்டிருக்க, அதன் தளத்தில் பேரா நாட்டுத் தலைவர்கள் ஆங்கிலேய ஆலோசகரை ஏற்கும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். பேராவிலும் சிலாங்கூரிலும் பிறகு எழுந்த தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்தும் மக்கள் நாகப்பட்டினம் போய்க் கப்பலேறினார்கள். இக்கரையின் மக்கள் மலாயாவுக்குப் போன இரண்டு அலைகளுக்கும் இடையே அந்தப் புகைக்கப்பல் நிற்கிறது: முன்னவர்கள் தம் கப்பலில் வணிகராகப் போனார்கள், பின்னவர்கள் பிறர் கப்பலின் அடித்தளத்தில் கூலிகளாகப் போனார்கள்.

பாய்க்கப்பல் வணிகம் ஏன் மெலிந்தது என்பதற்கும் இதிலேயே பெரும்பகுதி விடை இருக்கிறது. கொள்ளை ஒழிந்து கடல் அமைதியானதன் பயன், ஆயுதமில்லாமல் போகும் சிறு கப்பலுக்கும் கிடைத்திருக்க வேண்டும். சில ஆண்டுகள் கிடைத்தும் இருக்கும். ஆனால் ரோந்துக்கு வந்த அதே எந்திரம், 1845இல் பி அண்டு ஓ என்ற ஆங்கிலேயக் கப்பல் கம்பெனியின் அஞ்சல் கப்பலாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வரத் தொடங்கியது. குறித்த நாளில் புறப்பட்டுக் குறித்த நாளில் சேரும் கப்பலுக்கே பெரிய வணிகர் சரக்குக் கொடுத்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் அந்தப் போட்டி இன்னும் ஒருதலையானது. பருவம் பார்த்துப் புறப்படும் கீழக்கரைக் கப்பலின் மேல் யாரும் குண்டு வீசவில்லை. சரக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள், அவ்வளவே. பல குடும்பங்கள் கப்பலை விட்டுச் சங்கு, முத்து, வைர வணிகத்திலும் அக்கரைக் கடைகளிலும் முதலைப் போட்டன.

நம் கரைக்கு ஒரு விலக்கு இருந்தது, அதைத் தந்தது பாம்பன். ஆதாம் பாலத்தின் மணல்திட்டுகளும் பாம்பன் வாயின் பாறைகளும் பெரிய நீராவிக் கப்பலை உள்ளே விடவில்லை. 1822இலேயே ஆர்தர் காட்டன் அந்த வாயை அளந்தார். பிறகு பாறையை வெடிவைத்து ஆழப்படுத்தினார்கள். 1860இல் டெய்லர் என்ற கடற்படை அதிகாரி கால்வாய் வெட்டும் திட்டத்தை முன்வைத்தார். ஆயினும் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றியே போயின. நெமிசிஸ் அளவுக்குக் குறைந்த நீரில் மிதக்கும் சண்டைக் கப்பல் நுழைந்திருக்கக்கூடும். சரக்கு ஏற்றி இலாபம் பார்க்கும் கப்பல் அந்த ஆழத்துக்கு வராது. அதனால் மலாக்கா நீரிணையில் பாய்க்கப்பல் தோற்றுப் பல்லாண்டுகள் கழிந்த பிறகும், தொண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே, கீழக்கரைக்கும் கொழும்புக்கும் இடையே, கூரை ஓடும் அரிசியும் புகையிலையும் ஏற்றிய தோணிகள் கச்சானுக்கும் வாடைக்கும் காத்திருந்து போய்வந்துகொண்டிருந்தன. பாய் மாற்றும்போது தாமானைக் கைவிடாமல் பிடிக்கக் கற்ற கடைசித் தலைமுறை மாலுமிகள் அந்தத் தோணிகளில் வளர்ந்தவர்கள்.